பங்குக் கிணறு

புதுக் கொம்பியூட்டர் சொல்கிறது: றைவர் இல்லை.
சாவகச்சேரிச் சந்தி முழுக்க றைவர்மார்தான்,
ஓட்டோவுக்குள் காலை நீட்டிக்கொண்டு.
ஒருத்தரைக் கூட்டிவரட்டோ என்று கேட்டேன்.
நொத்தாரிசு சிரிக்கவில்லை.
மேசையில் பதினொரு உறுதி,
மத்தியானம் கோட்டுக்குப் போகவேண்டியவை.

புது ஸ்கானரும் இருக்கிறது.
வெள்ளை நிறம், கைப்பை அளவு, சத்தமே இல்லை.
ஆனால் அதன் கண்ணாடி ஏ-ஃபோர் தாளோடு முடிந்துவிடும்.
எங்கள் உறுதிகள் நீட்டுத் தாள்.
பனிச்சையடி வளவு, பரப்பு நாலு, குழி ஏழு,
கிழக்கு ஒழுங்கை, தெற்கு விசாலாட்சி பேரிலுள்ள காணி,
எல்லாம் வடிவாக வரும்.
கடைசி மூன்று விரற்கிடை வராது.
சாட்சிகள் நிற்பது அங்கேதான்.
எழுதத் தெரியாதவரின் பெருவிரலும் அங்கேதான்.

ஆகவே பழையது.
மீன்பெட்டி நீளம்,
மூடிப் பிணைச்சலுக்குச் சைக்கிள் ரியூப் வார்.
விளக்குச் சூடேற ஒரு நிமிஷம்,
பிறகு காவோலையை முற்றத்தில் இழுப்பதுபோல
ஒரு கரகரப்பு.

அது கதைப்பது ஒரேயொரு மடிக்கணினியோடு.
நெல்லியடியில் கடை வைத்திருக்கும் றெஜினோல்ட்
பழைய இரும்புக்குள் பொறுக்கிக் கொண்டுவந்தது.
திரையில் பாதி கறுப்பு.
"நெட் மட்டும் குடுத்துப்போடாதேங்கோ அக்கா,
ஒரு தும்மலோட முடிஞ்சிடும்."
பழையதுக்கும் புதியதுக்கும் நடுவே
நீல வயர் ஒன்று, பொதுவில் ஒரு கோப்புறை.
இது போடும், அது எடுக்கும்.
கோப்புறைக்குப் பெயர் என்ன என்றார்.
உறுதி தட்டித் தட்டிப் பழகின விரல்
தானாகத் தட்டியது: பங்குக் கிணறு.
முகம் பார்த்துக் கதைக்காத இரண்டு வளவுக்காரர்
முறை வைத்து இறைப்பதில்லையா,
அப்படித்தான்.

உள்ளே ஏதோ ஒரு சின்ன பற்றரி செத்துவிட்டதாம்.
அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அந்த மடிக்கணினி
இரண்டாயிரத்து இரண்டு, தை முதலாம் திகதியில்
கண் விழிக்கிறது.
யன்னலுக்கு வெளியே கண்டி வீதியில்
கொழும்பு பஸ் ஹோன் அடித்துப் போகும்.
அதற்குள்ளே பாதை இன்னும் திறக்கவில்லை.
நான் நாளைத் தட்டுவேன், மாதத்தைத் தட்டுவேன்,
வருஷத்துக்கு நாலு இலக்கம்.
தேத்தண்ணி ஆறுவதற்குள்
இருபது சொச்சம் வருஷம்.

ஒரு திங்கட்கிழமை மறந்துபோனேன்.

பவதாரணியின் நன்கொடை உறுதி.
தாய் எழுதிக் கொடுத்தது இரண்டாயிரத்துப் பத்தொன்பதில்.
எதிர்த்தரப்புச் சட்டத்தரணி எழும்பி,
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு,
"பிரதியின் திகதி இரண்டாயிரத்து இரண்டு.
பிள்ளை பிறக்க முன்னமே படம் பிடிச்சிருக்கினம்" என்றார்.
கோடு முழுக்கச் சிரித்தது.
தவணை போட்டார்கள்.

நான் சத்தியக் கடதாசி எழுதினேன்:
மேற்படி இயந்திரத்துக்கு நாள் தெரியாது.
திருத்தாமல் விட்டது என் கவனயீனம்.
ஒரு மணிக்கூட்டுக்காகச் சத்தியம் செய்தவள்
தென்மராட்சியில் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

பவதாரணி அதை வாங்க வந்தவள்
பழையதன் பக்கத்தில் நின்றாள்.
மூடியைத் தொட்டுப் பார்த்தாள், சூடு இருந்தது.
"எனக்கு அப்ப எட்டு வயசு.
அந்தத் தை மாசம் அண்ணா வீட்டில நிண்டவர்."
சொன்னது எனக்கில்லை.
காசைக் கொடுத்தாள்,
மீதியை எண்ணாமல் போனாள்.

சத்தியக் கடதாசியும் நீட்டுத் தாள்தான்.
அதையும் பழையதில்தான் போட்டேன்,
திகதியை இரண்டுதரம் பார்த்து.

நேற்றிரவு புதியது
யாரையும் கேட்காமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டு
கிணற்றுக்குப் போகும் வழியை அடைத்துவிட்டது.
வழி உரித்து உண்டு என்று
அதற்கு எந்த உறுதியை வாசித்துக் காட்டுவது?
றெஜினோல்ட் பின்னேரம் வருகிறாராம்.
பதினொரு உறுதியும் நாளைக்குத் தள்ளிப்போயின.
பழையது விளக்கை ஏற்றிக்கொண்டு நிற்கிறது,
இன்றைய திகதியில்.